லாண்டரி அக்கா தீவைச் சுற்றிப் பார்த்த நாள்

இருபத்தெட்டு வருடம் ஒரே ஹோட்டலில் அடுத்தவர் படுத்தெழுந்த பெட்ஷீட்டுகளைத் துவைத்தவளுக்கு, அந்த ஹோட்டல் கடைசியில் ஒரு கூப்பன் கொடுத்தது. 'தீவைச் சுற்றி ஒரு நாள். ஐந்து இடங்கள். மதியச் சாப்பாடு உண்டு. ஒருவருக்கு மட்டும்' என்று அதில் அச்சடித்திருந்தது.

அவளுக்குச் சொந்தப் பெயர் உண்டுதான். ஆனால் மேனேஜர் முதல் தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் அவள் லாண்டரி அக்கா. அவளைவிட வயதில் மூத்த சமையல்காரர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். அந்த வருடம் ஹோட்டல் கைமாறியது. புது முதலாளிகள் கணக்குப் போட்டுப் பார்த்து, அழுக்குத் துணிகளை மூட்டை கட்டிக் கப்பலில் அக்கரைக்கு அனுப்பி, அங்கே ஏதோ தொழிற்சாலையில் வெளுத்து மறுநாளே கொண்டுவர ஏற்பாடு செய்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் மெஷின்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். அவை நின்ற இடத்தில் தரையில் துருக்கறை வட்டங்கள் மட்டும் இருந்தன. அவற்றையும் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அவள் கிளம்பினாள். யாரும் கழுவச் சொல்லவில்லை. கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

மேனேஜர் கூப்பனை உறையில் போட்டு நீட்டினார். "இத்தனை வருஷமா இங்க இருந்தும் நம்ம தீவையே நீங்க சுத்திப் பார்த்ததில்லையாமே அக்கா? ஜாலியா ஒரு நாள் போயிட்டு வாங்க."

"வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போகலாமா சார்?"

மேனேஜர் உறையைத் திரும்ப வாங்கிப் படித்துப் பார்த்தார். ஏதோ இப்போதுதான் முதல்முறை பார்ப்பவரைப்போல. "ஒருத்தருக்குன்னுதான் போட்டிருக்கு அக்கா."

வீட்டுக்காரர் படகு என்ஜின் மெக்கானிக். முதுகு போனதிலிருந்து வீட்டு வாசலில் உட்கார்ந்தே பழுது பார்க்கிறார். கூப்பனை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பரவாயில்லை, போயிட்டு வா. நான் வந்தா வேன்காரன் என்ஜினைக் கழட்டச் சொல்லுவான்."

மேனேஜர் சொன்னது உண்மைதான். அவள் தீவைச் சுற்றிப் பார்த்ததில்லை. வீடு, ஹோட்டல், சந்தை. இந்த மூன்றுக்கும் நடுவில் கால் தேய நடந்தே வாழ்க்கை ஓடிவிட்டது. ஊரெல்லாம் லீவு எடுக்கும் நாட்களில்தான் ஹோட்டல் நிரம்பி வழியும். அவளுக்கு ஏது லீவு? ஆனாலும் தீவில் எங்கே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதெல்லாம் துணியில் அழுக்காக ஒட்டி அவளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. மாவு மாதிரி நைசான வெள்ளை மணல் மடிப்புகளில் இருந்தால் கிழக்குக் கடற்கரைக்குப் போய் வந்தவர்கள். துண்டின் ஓரமெல்லாம் செம்மண் கறை என்றால் அருவி. சோப்புக்கு அசையாத பச்சைப் பாசிக் கறையா, அடியில் கண்ணாடி பதித்த படகிலிருந்து இறங்கி வழுக்கி விழுந்தவர்கள். எந்தக் கறைக்கு எது போட்டால் போகும் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள்.

காலை எட்டு மணிக்கு வேன் வந்தது. இரண்டு இரண்டு பேராக உட்காரும் இருக்கைகள். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, ரிட்டயர் ஆன ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும், இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம். எல்லோரும் அக்கரையிலிருந்து வந்தவர்கள். கதவோரம் தண்ணீர் கேன்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை இருக்கையை கைடு அவளுக்குக் காட்டினான். முப்பது வயது இருக்கும். தொப்பி, சட்டைக் காலரில் குத்திய மைக், சிரித்துச் சிரித்துப் பழகிய முகம்.

"கூட யாரும் வரலையாம்மா?"

"இல்லைப்பா. ஒருத்தருக்குத்தான் குடுத்தாங்க."

வாத்தியார் மனைவி திரும்பிப் பார்த்தாள். "நீங்க எந்த ஊர்?"

"இங்கயேதான்."

"அப்ப எல்லாத்தையும் பார்த்திருப்பீங்களே!"

அவள் தண்ணீர் கேனை நகர்த்திவைத்தாள்.

கலங்கரை விளக்கத்தில் நூற்றுப் பதினெட்டுப் படி. மூச்சு வாங்க ஏறி மேலே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கடலுக்கு இத்தனை நிறம் உண்டென்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. கரையோரம் ஒரு பச்சை, அதைத் தாண்டி வேறொரு பச்சை, அப்புறம் மை கொட்டியது மாதிரி நீலம். லாண்டரி அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அது ஜெனரேட்டரைப் பார்த்து இருந்தது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இது பாட்டுக்கு இங்கே இருந்திருக்கிறது, வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

"அம்மா, எங்களை ஒரு போட்டோ எடுக்கறீங்களா?" புதுப்பெண் செல்போனை நீட்டினாள். அக்கா எடுத்துக் கொடுத்தாள். அதைப் பார்த்து அந்தக் குடும்பமும் நீட்டியது, வாத்தியாரும் நீட்டினார். தனியாக வந்தவளுக்குக் கை காலியாகத்தானே இருக்கும்! அருவியிலும் அதே கதை, வெள்ளை மணலிலும் அதே கதை. மதியச் சாப்பாட்டுக்குள் வேனில் இருந்த அத்தனை பேரையும் அவள் படம் எடுத்து முடித்திருந்தாள். அவளை எடுக்கட்டுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வெட்கப்பட்டு வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். அது வேறு விஷயம்.

கடைசி இடத்துக்குப் பெயர் காதலி பாறை. அப்படி ஓர் இடத்தை அவள் கேள்விப்பட்டதே இல்லை. மூன்று மணி வாக்கில் வேன் மேட்டுச் சாலையில் ஏறி, இடிந்த ஒரு மதில் சுவரைச் சுற்றி வளைந்தது. அந்த மதிலை அவளுக்குத் தெரியும்; இருபத்தெட்டு வருடத்துக்கு முன்பு ஒரே ஒரு முறை இங்கே வந்து நின்றிருக்கிறாள்.

அவளுடைய ஹோட்டல் அப்போது இங்கேதான் இருந்தது. பன்னிரண்டு அறை கொண்ட சின்னக் கட்டடம். அவளுடைய தங்கச்சி அங்கே துணி துவைக்கப் போய்க்கொண்டிருந்தாள். அப்போது மெஷின் கிடையாது. துவைத்த பெட்ஷீட்டுகளைப் பாறைக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போடுவார்கள். ஒரு துணி காணாமல் போனாலும் சூப்பர்வைசர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். காற்று பேயாக அடித்த ஒரு மதியம் பெட்ஷீட் ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்து கீழ்ப்பாறையில் போய் மாட்டியது. அதை எடுக்க இறங்கினாள் தங்கச்சி. ஒரு அலை வந்தது. மீன்பிடிக்கப் போனவர்களுக்குப் பெட்ஷீட் அன்றைக்கே கிடைத்தது. தங்கச்சி மூன்றாம் நாள்தான் கிடைத்தாள். இருபது வயது.

பழைய முதலாளி வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார். "யாரும் இறங்கச் சொல்லலை. அவளா இறங்கினா" என்றார். போகும்போது வாசலில் நின்று, "வீட்டுல வேற யாராவது இருந்தா அனுப்புங்க. வேலை இருக்கு" என்றார். அப்பா மூத்த மகளைப் பார்த்தார். அவள் இடுப்பில் ஒன்பது மாதக் கைக்குழந்தை இருந்தது. அடுத்த திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். ஹோட்டல் அந்த வாரம்தான் ஊருக்குள் புதுக் கட்டடத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. பழைய பெட்ஷீட்டுகளும் மூட்டையாக வந்து சேர்ந்தன. கடலிலிருந்து எடுத்ததும் அதற்குள் இருந்தது. எது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பழைய துணிகள் கிழிந்து கந்தலாகும்வரை, ஐந்தாறு வருடம், ஒவ்வொன்றையும் துவைக்கும்போது இதுதானோ, இதுதானோ என்று அவள் கை தயங்கும்.

வேன் நின்றது. இப்போது அங்கே கம்பித் தடுப்பு, சிமெண்ட் பெஞ்சு, இதய வடிவத்தில் ஒரு இரும்பு வளையம். கைடு குரலைத் தாழ்த்தினான்.

"ரொம்ப நாளைக்கு முன்னாடி இங்க ஒரு பொண்ணு இருந்தா. ஒரு கப்பல்காரனை விரும்பினா. திரும்பி வர்றேன்னு சொல்லிட்டுப் போனவன் வரவே இல்லை. தினம் வெள்ளை உடை உடுத்திக்கிட்டு இந்தப் பாறையில வந்து நிப்பா. ஒருநாள் தூரத்துல ஒரு கப்பலைப் பார்த்து, அவன்தான்னு நெனைச்சு அப்படியே குதிச்சுட்டா. இன்னைக்கும் காத்து அடிக்கிற நாள்ல அந்த வெள்ளைத் துணி பறக்கிறதைப் பார்த்தவங்க இருக்காங்க."

"ஐயோ பாவம்" என்றாள் புதுப்பெண். அடுத்த நிமிடம் செல்போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு வளையத்துக்குள் போய்ப் புருஷன் தோளில் சாய்ந்தாள். அக்கா திரையைப் பார்த்தாள். இரண்டு முகங்களுக்கு நடுவே, கீழே, அந்தப் பாறை. படம் எடுக்க விரல் வரவில்லை.

"அது உடை இல்லை" என்றாள்.

"என்னம்மா?"

"பெட்ஷீட். அது பெட்ஷீட்."

அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் களுக்கென்று சிரித்தன. கைடும் சிரித்தான், விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டான்.

"அவ என் தங்கச்சி. கப்பல்காரன் எவனும் இல்லை. மாப்பிள்ளை பார்த்து வெச்சிருந்தோம், ரேடியோ ரிப்பேர் பண்ற பையன். அவன் காது பெருசா இருக்குன்னு கேலி பண்ணிட்டு இருந்தா. அவ குதிக்கலை. எங்க ஹோட்டல் பெட்ஷீட் எடுக்க இறங்கினா. எடுக்காம வந்தா திட்டுவாங்கன்னு இறங்கினா."

வாத்தியார் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புதுப்பெண் வளையத்துக்குள்ளேயே நின்றாள். வெளியே வருவதா வேண்டாமா என்று புருஷனைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன்தான் மெதுவாகக் கேட்டான்: "அம்மா... அந்தப் போனைக் குடுத்துடறீங்களா?"

கொடுத்தாள். அவர்கள் தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பும்போது கைடு மைக்கை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து குந்தினான். "சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. ஆபீஸ்ல எழுதிக் குடுத்ததைத்தான் நாலு வருஷமா சொல்றேன்."

"இனிமே சரியாச் சொல்லுவியா?"

"சொல்றேங்க்கா" என்றான். முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

வீட்டில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டுக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "உன்னைத் தனியா அனுப்பியிருக்கக்கூடாது" என்று மட்டும் சொன்னார். அக்கரையில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டாள். சித்தியைப் பார்த்த நினைவு மகளுக்கு இல்லை. "அதான் வேலையும் போயிடுச்சே, இனிமே அதையெல்லாம் விடும்மா" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்.

ஒன்றரை மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அப்புறம் ஒரு நாள் பஸ் ஏறிப் பாறைக்குப் போனாள். கைடு சொன்ன சொல்லைக் காப்பாற்றினானா என்று காதால் கேட்டுவிட வேண்டும். மூன்று மணிக்கு வேன் வந்தது. அவள் மதில் ஓரமாக நின்றுகொண்டாள்.

அதே பெண், அதே கப்பல்காரன், அதே வெள்ளை உடை. கடைசியில் மட்டும் புதிதாக ஒன்று இருந்தது. "அந்தப் பொண்ணுக்கு ஒரு அக்கா. தங்கச்சி போனதிலிருந்து மனசு பேதலிச்சு, இன்னைக்கும் தன்னந்தனியா இந்தப் பாறைக்கு வந்து அவளைத் தேடறாங்களாம்." கூட்டத்தில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் கைடு மதில் ஓரம் நின்ற அக்காவைப் பார்த்தான். அப்புறம் எல்லோரையும் படம் எடுக்க அனுப்பிவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தான்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. நீங்க சொன்னதையும் கொஞ்சம் சேர்த்துக்கிட்டேன்."

"பெட்ஷீட்டு?"

"ஆபீஸ்ல கேட்டேன், வேணாம்னுட்டாங்க. உங்க ஹோட்டல்லேருந்துதான் எங்களுக்குப் பாதி ஆள் வருது. அதைப் பத்தி எப்படிக்கா நான் மைக்குல..."

அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் கத்தி என்ன ஆகப்போகிறது என்று இருந்தது. அவனும் யாரோ எழுதிக் கொடுத்ததைச் சொல்லி வயிறு வளர்ப்பவன்தான்.

"சரி. என்னை எடுத்துடு" என்றாள்.

"எதுலேருந்து?"

"கதையிலேருந்து. எனக்கு ஒண்ணும் மனசு பேதலிக்கலை. பேதலிச்சிருந்தா இருபத்தெட்டு வருஷம் அங்க வேலை செஞ்சிருக்க முடியாது. செத்தவ வந்து கேட்கப்போறதில்லை, அவளை வெச்சு என்னவோ சொல்லிக்கோ. என்னை விட்டுடு."

அவன் தலையை ஆட்டினான். வேனிலிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடினான்.

ஊருக்குத் திரும்பும் கடைசி பஸ் நாலரைக்கு. சாலையோரத்தில் நிழல் இல்லை. அவள் வெயிலில் நின்றாள். அவன் அவளைக் கதையிலிருந்து எடுத்தானா இல்லையா என்று தெரிந்துகொள்ள அதற்கப்புறம் அவள் போகவில்லை.