இரண்டு புள்ளி ஒன்பதும் இரண்டு புள்ளி பத்தும்

என் கணவருக்கு துபாயில் வெல்டிங் வேலை. செஞ்சியில் இருக்கும் நான் அவரோடு ஒரு செயலி வழியாகத்தான் பேசுவேன். தினமும் மதியம் "சாப்டியா?" என்று அவர் அனுப்பிய குரல் பதிவுகளும் அதில்தான் இருந்தன.

ஒருநாள் பேச்சு விட்டுவிட்டுக் கேட்டது. போனில் இருந்த செயலியின் பதிப்பு 2.10. அவர் எப்போதோ அனுப்பிய 2.9 பதிப்பின் கோப்பும் கிடந்தது. நான் நெல் மண்டியில் எடை எழுதுபவள். தராசில் 2.10 கிலோவைவிட 2.9 கிலோதானே அதிகம்? அதனால் 2.9தான் புதுசு என்று நினைத்து, இருந்ததை அழித்துவிட்டு அதை ஏற்றினேன். பதிவுகள் அத்தனையும் போயின. அழைப்பும் போகவில்லை.

மூன்று நாள் தவித்து, கொழுந்தனார் போனிலிருந்து கணவரைப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். அவர் சொன்னார்:

"நம்ம கொல்லைக்கு சர்வே நம்பர் 41/9. பக்கத்துக் கொல்லைக்கு இன்னா நம்பரு? 41/10 தானே? இதுவும் அப்டித்தான் செல்வி. 2.9 பழசு."

மறுபடி 2.10ஐ ஏற்றினேன். அவர் அழைப்பு வந்தது. பழைய குரல்கள் வரவில்லை.

இப்போது புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகவே படிக்கிறேன். அவருடைய ஒவ்வொரு "சாப்டியா"வையும் மெமரி கார்டிலும் சேமிக்கிறேன். ஒன்பது மாதத்தில் வருவதாகச் சொன்னவர், இப்போது பத்து மாதம் ஆகும் என்கிறார். ஒன்பதைவிடப் பத்து எவ்வளவு பெரியது என்று இனி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.