மூலைப் பெட்டியின் தட்டு

தென்காசியில் சாரல் பெய்வதில்லை, வந்து உட்காருகிறது. குற்றால மலையிலிருந்து புறப்பட்டு, கோயிலுக்குப் பின்னால் இருந்த சந்தில் மாடிப்படி ஏறி, மாமாவின் கம்ப்யூட்டர் சென்டருக்குள் யாரையும் கேட்காமல் நுழைந்துவிடும். மனிதர்கள்தான் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். மெஷினுக்குத் தூசி ஆகாது என்பது மாமாவின் சட்டம். சாரல் மாதங்களில் அந்தச் செருப்பு வரிசை பெரும்பாலும் அவருடையதோடும் என்னுடையதோடும் முடிந்துவிடும்.

ஆள் வராததற்குச் சாரல் மட்டும் காரணமில்லை. மாமா எல்லாக் கம்ப்யூட்டர் பெட்டியிலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு வைத்திருந்தார். ஒருத்தனுக்கென்று சொந்தமில்லாமல், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்று விட்ட சாமான் என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. வருகிறவர்களுக்குத்தான் அது பிடிபடவில்லை. சுவரில் அவர் ஒட்டியிருந்த லினக்ஸ் சின்னமான பென்குவினைப் பார்த்து ஊர் எங்களுக்கு வாத்துக் கடை என்று பெயர் வைத்தது.

"அண்ணாச்சி, வாத்து முட்ட கிட்ட போடுமா?"

"போடும்லே. ஒனக்குத்தான் பொரிச்சுத் திங்கத் தெரியாது" என்பார் மாமா.

பட்டனைத் தொடாமல், தன் மேசையில் இருந்தபடியே கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்து எந்தப் பெட்டியின் உறுப்புகளையும் அவர் எழுப்புவார், தூங்க வைப்பார். கீபோர்டின் பச்சை விளக்கு கண் திறக்கும். திரை இருண்டு மறுபடி விடியும். சிடி வைக்கும் தட்டு, டாக்டர் நாக்கை நீட்டச் சொன்ன பிள்ளை மாதிரி வெளியே வரும், உள்ளே போகும்.

அப்பா என் நினைவுக்கு முன்பே போய்விட்டவர். அம்மா மஸ்கட்டில் நர்ஸ். என்னைத் தன் தம்பியான இந்த மாமாவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை போன் வரும். மாமா பேசி, அத்தை பேசி, என்னிடம் வந்து சேரும்போது அம்மாவின் குரல் அவசரத்தில் மெலிந்திருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அதுவும் வரவில்லை. அம்மா என்னை மறந்துவிட்டாள் என்று முடிவுகட்டி, மூலைக் கணினியின் முன் உட்கார்ந்து அழுதேன்.

மாமா வாசலருகே தன் மேசையிலிருந்தே சொன்னார். "ஏட்டி, ஒங்கம்மா இருக்க ஆஸ்பத்திரிலயும் கம்ப்யூட்டர் உண்டும்லா? சாயங்காலம் ஒன்னய நெனச்சு அங்கன ஒரு வரி அடிச்சான்னா, இங்கன அந்தத் தட்டு தொறக்கும். பாக்கியா?"

கோயிலில் சாயரட்சை மணி அடித்து ஓய்ந்தது. தட்டு திறந்தது.

அன்றிலிருந்து என் பகல்கள் எல்லாம் அந்த மணியை நோக்கிச் சரிந்தன. ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் குளிக்கப் போனாலும், ஈரத் தலையோடு அத்தையை இழுத்துக்கொண்டு பொழுது சாயுமுன் பஸ் ஏறிவிடுவேன். அங்கே வாங்கிய மங்குஸ்தானில் ஒரு சுளையை ஒளித்து எடுத்து வந்து தட்டில் வைத்தேன். உள்ளே போனது. மறுநாள் தட்டு வெறுமையாக வந்தது. அம்மா தின்றுவிட்டாள். காலையில் மாமா ஏன் ஸ்க்ரூ டிரைவரோடு பெட்டியின் வயிற்றைத் திறந்து துடைத்துக்கொண்டிருந்தார் என்று நான் யோசிக்கவில்லை. எறும்புச் சாரையைக் கண்டு ஒருவர் கேட்டதற்கு, "அதுகளுக்கும் மெயில் வந்திருக்கும்" என்று அவர் சொன்னதை நம்பினேன்.

டைப்பிங் பழக வந்த ஒரு அக்காதான் அதைப் போட்டு உடைத்தாள். "ஏ லூசு, ஒங்க மாமால்லா அங்கன இருந்து அமுக்குதாரு."

அன்று சாயங்காலம் நான் தட்டைப் பார்க்கவில்லை. மாமாவின் விரல்களைப் பார்த்தேன். மணி ஓய்ந்தது. விரல்கள் அசைந்தன. எனக்குப் பின்னால், மூலையில், தட்டு திறக்கும் சத்தம். நான் திரும்பவில்லை. நான் பார்த்ததை மாமா பார்த்துவிட்டார். அதற்குப் பிறகும் தட்டு திறந்தது, காத்திருந்தது, மூடியது. நான் ஜன்னல் கம்பியில் கோத்து நிற்கும் நீர்த்துளிகளோடு இருந்துகொண்டேன். அம்மா இல்லாத ஊர் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரிந்தது.

கடை ஓடவில்லை. மாமாவுக்குத் துபாயில் வேலை கிடைத்தது. கிளம்பும் நாள் காலையில் மூலைக் கணினியின் முன் உட்கார்ந்து என்னவோ அடித்துக்கொண்டிருந்தார். "இந்தப் பெட்டிய மட்டும் ஆஃப் பண்ணிராத, என்னா" என்று அத்தையிடம் சொன்னார். என் தலையில் கை வைத்தார். நான் அந்தக் கையைத் தள்ளவில்லை; பிடித்துக்கொள்ளவும் இல்லை.

அன்று சாயங்காலம் கடையில் அத்தையும் நானும் சாரலும். மாமாவின் நாற்காலி காலி. கீபோர்டின் மேல் துணி மூடியிருந்தது. மணிகூட இன்னும் அடிக்கவில்லை.

தட்டு திறந்தது.

"அத்தே! மாமா இங்க இல்லல்லா? யாரு கையும் படாம தொறக்குது அத்தே! அம்மாதான்! மணி அடிக்க முந்தியே நெனச்சிட்டா!"

அத்தை நாற்காலியைப் பார்த்தாள். பிறகு தட்டை. "ஆமாட்டி" என்றாள். அப்புறந்தான் கோயில் மணி ஆரம்பித்தது.

இன்றைக்கு என் பிழைப்பே அந்தக் கறுப்புத் திரையில்தான். தினமும் இந்த நேரத்துக்கு இதைத் திற, கொஞ்சம் பொறுத்து மூடு என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும். எழுதியவன் கடல் தாண்டிப் போனாலும் பெட்டி சொன்னதைச் செய்யும். அதற்குக் கடிகாரம் தெரியும், கோயில் மணி தெரியாது. அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

அத்தை வாங்கி வைத்திருந்த மங்குஸ்தானை உடைத்து, ஒரு சுளையைத் தட்டில் வைத்தேன். அத்தை என் பக்கத்தில் குனிந்து இன்னொரு சுளையை எடுத்தாள். அதைச் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்து, என்னுடையதற்குப் பக்கத்தில் மெல்ல வைத்தாள்.

தட்டு உள்ளே போனது. அம்மாவுக்கு இன்றைக்கு இரண்டு சுளை என்று நான் குதித்தேன்.