அத்தை ஒட்டிய கண்ணாடிகள்

எங்கள் அத்தை நேர்மையான மனுஷி. பதினொரு வருஷம் நகராட்சியை ஏமாற்றினாள் என்பது தனி விஷயம்.

அவள் படங்களுக்கு ஃபிரேம் போடும் கடை வைத்திருந்த மாடிக் கட்டடத்தைக் கட்டியது சுரங்கக் கம்பெனி. முதலில் அது பண்டகசாலை. சுரங்கம் வற்றியதும் கம்பெனி தூக்க முடிந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு போனது, கட்டடம் மட்டும் மிஞ்சியது. பிறகு ஒரு வங்கி வந்தது, தரை சரிகிறது என்று போய்விட்டது. அப்புறம் ஆறு கடைகள். அடியில் வெறும் பொந்து என்பது ஊருக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய, வாடகை குறைவு.

மாமா போனபின் அத்தைக்குச் சோறு போட்டது அந்தக் கடைதான். படங்களைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக மாட்டுவாள். சுவர் சாய்ந்திருந்ததால் எல்லாப் படமும் கோணலாகத் தெரியும். வருகிறவர்கள் கை வைத்துச் சரிசெய்வார்கள். அவர்கள் போனதும் அத்தை மறுபடி நேராக்குவாள்.

கிழக்குச் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல். வருஷத்துக்கு ஒருமுறை நகராட்சி இன்ஜினியர் வந்து, கடைக்குள் அந்த விரிசலின் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டை ஒட்டி, அதன்மேல் தேதி எழுதிவிட்டுப் போவார். அடுத்த முறை அது உடைந்திருந்தால் சுவர் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்; அன்றே கட்டடத்தைப் பூட்டிவிடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் உடைந்தது. ஒவ்வொரு வருஷமும் அவர் வருவதற்குள் அத்தை புதுத் துண்டு வெட்டி ஒட்டி, பழைய தேதியை அவர் எழுத்தைப் போலவே எழுதி வைத்தாள். கண்ணாடிக்கு அவளிடம் என்ன பஞ்சம்?

போன வருஷம் மாடிக்கு ஒரு குழந்தைகள் காப்பகம் வந்தது. இன்ஜினியர் வரவேண்டிய அன்று, ஃபிரேம் போட்ட படமொன்றைக் கொடுக்க அத்தை மேலே போனாள். பிள்ளைகள் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்திருந்தார்கள். மேற்கு ஓரத்தில் பந்தை வைத்தால் போதும், தானாக உருண்டு கிழக்குச் சுவரில் முட்டும். பதினெட்டு பேரும் முன்னாலேயே ஓடிப்போய் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பந்துக்குக் காத்திருந்தார்கள்.

அத்தை கீழே வந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தாள். பயம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். காலையிலேயே வெட்டித் தேதி எழுதி வைத்திருந்த துண்டை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

அரை மணியில் இன்ஜினியர் வந்தார். உடைந்த கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏம்மா, இந்த வருஷம் கண்ணாடி தீந்துபோச்சா?"

"கண்ணாடி இருக்கு சார். மாடியில புள்ளைங்க இருக்காங்க."

ஆக, பதினொரு வருஷமாக அவருக்கும் தெரியும். இதைக் கேட்டபோது இரண்டு பேர்மீதும் எனக்கு ஒரே அளவு கோபம் வந்தது. இன்ஜினியர் நேரே மாடிக்குப் போனார். பிள்ளைகளைக் கீழே இறக்கிவிட்டு, சாயங்காலத்துக்குள் கட்டடத்தைப் பூட்டினார். படங்களைக் கழற்ற அவரும் கை கொடுத்தார்.

இப்போது அவை எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகின்றன. சுவர் நேராக இருப்பதால் படங்களும் நேராகவே தெரிகின்றன. கை வைத்துச் சரிசெய்ய யாரும் வருவதில்லை. அத்தைக்கு அதுதான் தாங்கவில்லை.