கங்கம்மா நிறுத்திய வண்டி

சுண்ணாம்புக்குளத்துக் கங்கம்மா நினைத்தால் கும்மிடிப்பூண்டியில் ரயிலும் நிற்கும். ஏரி மீனைக் கூடையில் சுமந்து, காலை பாசஞ்சரில் மெட்ராஸுக்குக் கொண்டுபோய் விற்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. யாரும் தேர்ந்தெடுத்ததில்லை, அவள் குரலை மிஞ்ச ஆளில்லை, அவ்வளவுதான். கூட வருகிறவளை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது அவர்களுக்குள் வழக்கம். யாராவது பின்தங்கினால், கங்கம்மா தன் கூடையைப் பெட்டியின் வாசலில் பாதி உள்ளே பாதி வெளியே வைத்துக்கொண்டு, தூக்க முடியாதவள் போல முக்குவாள். கார்டு பச்சைக்கொடியோடு பல்லைக் கடிப்பார். பின்தங்கியவள் வந்து ஏறியதும் அதே கூடை சுலபமாக உள்ளே போய்விடும்.

அறுபத்தெட்டாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் மகள் சம்பூர்ணத்தைப் பெண் பார்க்க அத்திப்பட்டிலிருந்து வருவதாக இருந்தது. பையன் சேகர் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். தங்கமான பையன். கங்கம்மாவுக்கு மனசெல்லாம் அந்த இடத்தின் மேல்தான். ஒரே பயம், பையனின் அம்மா எல்லம்மா. சகுனம் என்று வந்துவிட்டால் அந்த அம்மாளை அசைக்க முடியாது. போன மாதம் வேறொரு பெண்ணைப் பார்க்கப் போகையில் மாட்டு வண்டியின் அச்சு முறிந்ததற்கே, தடங்கல் வந்த இடம் வேண்டாமென்று பாதி வழியில் திரும்பியவள்.

அன்று கங்கம்மா வியாபாரத்துக்குப் போகவில்லை. தன் மீன்கூடையை மற்றவர்களோடு ஏற்றிவிட மட்டும் காலையில் ஸ்டேஷனுக்கு வந்தாள். அவர்களில் ஒருத்தியான சின்னப்பொண்ணைக் காணோம். அப்புறம் என்ன, கூடை வழக்கம்போல வாசலில் உட்கார்ந்தது. சின்னப்பொண்ணு மூச்சிரைக்க ஓடி வந்து ஏறிய பிறகே வண்டி நகர்ந்தது.

மதியம் விருந்தாளிகளை அழைத்துப்போக வந்தால், அத்திப்பட்டு வழியாக வரவேண்டிய வண்டி வரவே இல்லை. நேரம் ஆக ஆக அவளுக்கு எல்லம்மாவின் சகுனப் பிடிவாதம்தான் நினைவுக்கு வந்தது. உதவி ஸ்டேஷன் மாஸ்டர் ராஜமாணிக்கத்திடம் போய்ச் சண்டை பிடித்தாள்.

"இன்னா சார், ரயிலு உடுறீங்களா, தூங்கிக்கினு கீறீங்களா?"

"காலையில நீ நிறுத்தி வெச்சியே, அதாம்மா இப்ப வரல."

"அது இன்னா பெரிய நேரம்? ஒரு வெத்தல போடற நேரம்!"

"அதுவே போதும்மா. பின்னாலயே கல்கத்தா மெயிலு வந்துக்கினு இருந்துச்சி. அதுக்கு வழி வுடணும்னு உன் வண்டிய பொன்னேரியில ஓரங்கட்டிட்டாங்க. மெயில் போனா, அது பின்னாலயே ஒரு கூட்ஸு. கடைசியா மெட்ராஸ் போய்ச் சேர்ந்தா, இதுக்கு வெச்சிருந்த பிளாட்பாரத்துல வேற வண்டி. அது காலியாவற வரைக்கும் வெளியவே நின்னுது. அதே பெட்டிங்கதான் திரும்பி உன் விருந்தாளிய ஏத்திக்கினு வரணும். வேற பெட்டிக்கு நான் எங்க போவேன்?"

ஏரியில் முறை வைத்து வலை போடுகிறவர்களில் ஒருவன் பிந்தினால், அடுத்தடுத்து நிற்கிறவர்கள் எல்லாருக்கும் பிந்தும். அது கங்கம்மாவுக்குத் தெரியாததில்லை. தண்டவாளத்திலும் அப்படித்தான் என்று இத்தனை வருஷம் தோன்றாமல் போயிற்றே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

ஒருவழியாக வண்டி வந்தது. எல்லம்மா கடுகடுவென்று இறங்கினாள்.

"கெளம்பும்போதே தடங்கல் பாத்தியாம்மா? சாமியே வேணான்னு தடுக்குது. இதே வண்டியில திரும்பிடலாம்னு பாக்கறேன்."

சேகர் பாவம், தலையைக் குனிந்துகொண்டான். ரயில்வேக்காரனைத் திட்டினாலும் தடங்கல் தடங்கல்தானே? கங்கம்மா மனசைத் திடப்படுத்திக்கொண்டாள்.

"சாமி தடுக்கலக்கா. நாந்தான் தடுத்தேன்."

கூடையில் தொடங்கி மெயில், கூட்ஸ், மெட்ராஸ் பிளாட்பாரம் வரை ஒன்று விடாமல் சொன்னாள். ராஜமாணிக்கம் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

"யாருக்கோசரம் நிறுத்தின? சொந்தமா?" என்றாள் எல்லம்மா.

"சொந்தமெல்லாம் இல்லக்கா. கூட வர்றவ. உட்டுட்டு அனுப்ப மனசு வரல."

எல்லம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பூவும் பழமும் இருந்த பையை மகன் கையில் திணித்தாள்.

"யாரோ ஒருத்திக்கோசரம் மெட்ராஸ் வரைக்கும் ரயில நிறுத்தினவ பெத்த பொண்ணுடா. வயசான காலத்துல என்னிய உட்டுட்டா போயிடுவா? நட, பொண்ண பாக்கலாம்."