கழுத்தில் வளையம் போட்ட லில்லி

1991இல் மண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தேன். கேட்டை ஒட்டி ஒரு பாத்தி நிறைய டே லில்லி. காலையில் விரிந்து சாயங்காலம் வாடிவிடுகிற பூ. எல்லாம் ஒரே மஞ்சள், பொட்டு வைக்காத முகம் மாதிரி வெறும் மஞ்சள்.

ஊட்டியிலிருந்து வந்த ஒரு செடி மட்டும் வேறு ஜாதி. இதழ்களின் அடியில், தொண்டையைச் சுற்றிக் கருஞ்சிவப்பு வளையம். எங்கள் வெயிலை ஒரு கோடைக்கு மேல் அது தாங்கவில்லை. பட்டுப்போகும் முன்பே அதன் மகரந்தத்தை மஞ்சள் பூக்களில் தடவி வைத்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. பூசணி காய்க்க ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவில் தேய்ப்பதில்லையா, அதேதான். விதை கிடைத்தது, போட்டேன், முளைத்தது. இரண்டு வருஷம் வெறும் இலையாகவே நின்றது.

சூப்பர்வைசருக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னாம்மா, புல்லு வளக்கிறியா? வளையம் வெச்ச பூ வரும்னு சொன்னியே, வெள்ளிக்கெழமைக்குள்ள ஒண்ணு காட்டு. இல்லாட்டி பாத்திய எடுத்துட்டு சைக்கிள் ஷெட்டு போட்டுருவேன்."

"காட்றேன் சார்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் விதை போட்டு வளர்த்த செடிகளில் இருந்ததோ ஒரே ஒரு மொக்கு. வியாழன் மாலை அது விரல் தடிமனுக்கு வந்திருந்தது, வெளியே பார்க்க வெறும் மஞ்சள்தான்.

வெள்ளி காலை வந்து பார்த்தால் காம்பு மொட்டையாக நிற்கிறது. வாட்ச்மேனைப் பிடித்துக் கேட்டேன்.

"பூஜைக்கு மல்லி மொக்கு பறிக்கிற மாதிரி சாயந்தரமே பறிச்சி தண்ணில போட்டுட்டேன்க்கா. தன்னால விரியும்ல?"

"உன் கைல கொள்ளி வைக்க!" என்று கத்திக்கொண்டே கேட்டருகே இருந்த பிள்ளையார் படத்துக்கு ஓடினேன்.

படத்தின் முன் பித்தளைத் தாம்பாளத் தண்ணீரில் ஆறு லில்லிகள் விரிந்து மிதந்தன. ஐந்து வெறும் மஞ்சள். ஆறாவதன் தொண்டையைச் சுற்றிக் கருஞ்சிவப்பு வளையம். அதோடு விட்டதா? ஊட்டிச் செடியிலும் இல்லாத ஒன்று: ஒவ்வொரு இதழுக்கும் புடவைக் கரை போல அதே சிவப்பில் மெல்லிய ஓரம். நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். வாட்ச்மேன் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டான்.

சூப்பர்வைசர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, ஷூவைக் கழற்றி, கும்பிடக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

"இந்தப் பூவ எங்க வாங்கின?"

"வாங்கல சார். நான் உண்டாக்குனது."

அவர் என்னைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். "ஷெட்ட கேன்டீன் பக்கம் போட்டுக்கலாம்" என்றார்.

அன்று ஷிப்ட் மாறும்போது வந்தவர்கள், போனவர்கள் எல்லாரும் முதலில் பார்த்தது என் பூவைத்தான். பிள்ளையாரை அப்புறம்தான் கும்பிட்டார்கள். பாவமென்றால் பாவம்தான், எனக்குப் பெருமை தாங்கவில்லை.