சேவியர் அண்ணன் எடுக்காமல் விட்ட செருப்பு

மணலி புதுநகரில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தபோது சேவியர் அண்ணனின் மனைவி பிலோமினா அண்ணி போனில் கூப்பிட்டார். "தம்பி, உங்க அண்ணன் போயிட்டாரு. காபி குடிச்சிட்டு படுத்தாரு, அவ்ளோதான்." ஆட்டோ வந்து நின்றது. ஏறத் தோன்றவில்லை.

ராயபுரத்தில் உங்களில் பலருடைய ஞானஸ்நானத்தையும் கல்யாணத்தையும் படம் பிடித்தவர் சேவியர் அண்ணன். ஒரு மாலைப் பத்திரிகைக்கும் படம் தந்துகொண்டிருந்தார். அதில் நான் செய்தியாளன். பத்திரிகை வேலையைத் திடீரென விட்டதற்கு முட்டிவலி என்று உங்களிடம் சொல்லியிருப்பார். காரணம் முட்டி அல்ல.

எண்ணூர்ப் பக்கம் ஒரு படகு கவிழ்ந்த மறுநாள், விடிந்ததும் நாங்கள் இருவரும் முகத்துவாரத்துக்குப் போனோம். கரையோரம், எட்டினால் கைக்கு வரும் தூரத்தில், ஒரு நீலச் செருப்பு மிதந்துகொண்டிருந்தது. அண்ணன் மண்டியிட்டு நிதானமாகப் படம் எடுத்தார். "வெளிச்சம் எப்டி வுழுந்துகீது பாரு" என்றார். நானும் கேமராத் திரையைப் பார்த்துத் தலையாட்டினேன். பிறகு டீ குடிக்கப் போய்விட்டோம். படம் அன்று மாலையே முதல் பக்கத்தில் வந்தது. ஆசிரியர் கூப்பிட்டுப் பாராட்டினார்.

அடுத்த நாள் ஓர் அம்மா பத்திரிகையோடு அண்ணனின் ஸ்டுடியோவுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். திருவொற்றியூரில் மீன் விற்கும் சகாயமேரி. படகில் போன அவர் மகனை இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள். "இது எம் புள்ளைது. வாரு அறுந்துபோச்சின்னு நான்தான் தூண்டி நரம்பு வச்சி தெச்சேன். குடு நைனா" என்று கையை நீட்டினார். தன்னிடம் இல்லை என்றார் அண்ணன். அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை.

"போட்டோ எடுத்தியே. செருப்ப எடுக்கலியா?"

உடனே முகத்துவாரத்துக்கு ஓடினோம். தண்ணீர் இறங்கும்போது கடல் அதை இழுத்துக்கொண்டு போயிருந்தது. பையனின் உடலும் கடைசிவரை கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அண்ணன் வீட்டு ஜன்னலோரம் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, தீக்குச்சி, வேப்பிலை, பாட்டில் மூடி என்று எதையாவது மிதக்கவிட்டுப் படம் எடுக்க ஆரம்பித்தார். வயதான காலத்துப் பொழுதுபோக்கு என்று நாம் சிரித்தோம். ஒவ்வொரு படத்துக்கும் பிறகு அந்தப் பொருளைக் கையால் எடுத்து, துண்டால் துடைத்து, ஓரமாக வைப்பார். அதன் பிறகுதான் படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்ப்பார். ஏன் அண்ணே என்று ஒருநாள் கேட்டேன்.

"எடுக்கறதுன்னா ரெண்டு கீது தம்பி. நான் ஒண்ணுதான் கத்துக்கினேன்."

ஒருமுறை அண்ணி அழைத்து, சகாயமேரி அம்மாவே வீட்டுக்கு வந்தார். மகனுடைய சட்டைப் பொத்தான் ஒன்றை முந்தானையில் முடிந்து எடுத்துவந்திருந்தார். தாம்பாளத்துத் தண்ணீர்மேல் அதை அலுங்காமல் வைத்தார். மிதந்தது. அண்ணன் ஒரே ஒரு படம் எடுத்தார். பொத்தானை எடுத்துத் துடைத்து அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"நீ அத்த போட்டோ புடிக்கலன்னா, எம் புள்ள எந்தப் பக்கம் போனான்னே எனுக்குத் தெரிஞ்சிருக்காது. வுடு நைனா" என்றார் அவர்.

அவர் போன பிறகு, "மன்னிச்சிட்டாங்களே அண்ணே" என்றேன்.

"அவங்க மன்சு பெர்சு. அதுக்கு நான் இன்னா பண்றது?"

மறுநாளும் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றினார்.

அன்று கரையில் நானும் நின்றேன் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. "கேமரா என் கைலதான இருந்துச்சி" என்பார். அவர் கையிலாவது கேமரா இருந்தது. என் கைகள் காலியாக இருந்தன.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், அண்ணி படங்கள் இருந்த பெட்டியைத் திறந்து, விருப்பப்பட்ட படத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். எல்லாம் தெளிவான, அழகான படங்கள். அடியில், சரியாக வரவில்லை என்று அவரே ஒதுக்கிவைத்த ஒன்று கிடந்தது. மிதப்பது என்ன பொருள் என்றே அதில் தெரியவில்லை. படம் பதிவாவதற்குள் அவசரப்பட்டு உள்ளே வந்துவிட்ட அவருடைய விரல்கள் மட்டும், மங்கலாக, தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தன.

அதைத்தான் எடுத்துவந்தேன்.