குன்னத்தில் வாசித்த நீளப் பாட்டு

அது எழுபத்தொன்பதாம் வருடம். மாசி என்று எங்கள் பாடகர் சாதிப்பார். பங்குனிதான், குன்னம் பக்கம் பருத்தி எடுத்து முடித்திருந்தார்கள்.

அரியலூரில் மூன்று பேராக ஒரு குழு வைத்திருந்தோம். பாடகர், கிடார்காரர், டிரம்ஸுக்கு நான். மெல்லிசைக் குழு என்றுதான் வெளியே சொல்லிக்கொண்டோம். கிடார்காரருக்கு அந்தப் பெயரே ஆகாது. திருச்சி நண்பர் ஒருவர் கொடுத்த கேசட்டில் வெள்ளைக்காரர்களின் சைக்கடெலிக் ராக்கைக் கேட்டதிலிருந்து அவர் வேறு ஆளாகிவிட்டார். பழைய வால்வு ரேடியோவைப் பிரித்து, அதில் கிடாரை மாட்டி உறும வைத்தார். சொல்லே இல்லாத நீளப் பாட்டு ஒன்றைச் சொந்தமாகப் போட்டார். பாடகருக்கு அதில் வேலை இல்லை.

"ஏன்டா, இது முடியறதுக்குள்ள நான் டீ குடிச்சுட்டு வந்துடலாம் போல."

"பன்னும் சாப்பிட்டு வாங்கண்ணே."

குன்னம் திருவிழாவுக்கு ஒப்புக்கொண்டதும் கிடார்காரர் சொல்லிவிட்டார்: "அங்க இதை முழுசா வாசிக்கணும். இல்லேன்னா குழுவுல நான் இல்லை." ஒரு வாரம் சண்டை. கடைசியில் பாடகர் இறங்கி வந்தார். "சரி, மொத ஐட்டமா வாசிச்சுடு. அப்புறம் என் பாட்டுக்குக் குறுக்க வராத."

அதுதான் தப்பாகப் போயிற்று. எங்கள் பக்கத்தில் பிள்ளையார் பாட்டுக்கு முன்னால் மேடையில் என்ன சத்தம் வந்தாலும் அது மைக் டெஸ்டிங்தான். மூன்று பேருக்கும் இது தெரியும். ஒருவருக்கும் தோன்றவில்லை.

கிடார்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். அதுவரை அப்படி வாசித்ததில்லை. கீழே பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். முடிந்தபோது ஒரு கைதட்டல் இல்லை. விழா கமிட்டிக்காரர் மேடையோரம் வந்தார்.

"என்னங்க, மைக் செட்டு சரியாயிடுச்சா? ஒரே கொய்ங்குன்னு இருந்துச்சே. சாமி பாட்டை ஆரம்பிங்க."

பாடகர்தான் முந்திக்கொண்டார். "அது பாட்டுதாங்க. இவரு சொந்தமாப் போட்டது."

"எதுங்க?"

"இப்ப வாசிச்சாரே, அது."

கமிட்டிக்காரர் மைக் செட்காரரைப் பார்த்தார். "நம்ம செட்டுல ஒரு கோளாறும் இல்லீங்க" என்று அவர் கையை விரித்தார். முன்வரிசையில் சிரித்தார்கள். பாடகர் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் குச்சிகளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கிடார்காரர் ரேடியோவின் வயரைப் பிடுங்கினார். மைக்கில் குனிந்து, "சரியாயிடுச்சுங்க" என்றார். பிள்ளையார் பாட்டை எடுத்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு கச்சேரியிலும் பாடகரே கெஞ்சினார். "உன் பாட்டை நடுவுல வச்சுக்கலாம்டா. நானே மைக்கில சொல்லிடறேன்."

"வேணாம்ணே."

கிடார்காரர் எங்களை விட்டுப் போகவில்லை. எண்பத்துமூன்றில் குழு கலையும்வரை, கூட்டத்திலிருந்து சீட்டு எழுதிக் கேட்ட சினிமாப் பாட்டையெல்லாம் பிசிறில்லாமல் வாசித்துக் கொடுத்தார்.